மங்கிய கார் பெயிண்டுக்கு எங்கே செலவு செய்யலாம், எங்கே வேண்டாம்: காவிரிப் படுகைக் கார்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஓடும் கார்களின் பெயிண்டு கெடுவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை போர்த் தண்ணீரும், வைக்கோல் தூசும், அந்தத் தூசின்மேல் இழுக்கப்படும் காய்ந்த துணியும்தான். இவற்றை நிறுத்தாமல் எவ்வளவு விலையுள்ள வேக்ஸைப் பூசினாலும் பளபளப்பு நிலைப்பதில்லை. ஆனாலும் மங்கிய காரோடு பாலிஷ் கடைக்குப் போகிறவரிடம் முதலில் பேசப்படுவது காரின் குறை என்ன என்பதல்ல, எந்த விலைப் பேக்கேஜ் வேண்டும் என்பதுதான்.

இந்தப் பகுதிக் கார்களைக் கழுவிப் பாலிஷ் போட்டுத் தரும் வேலையில் ஒரே விதமான குறைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்கு உறுதியான முடிவு இது: வேக்ஸ் டப்பாவின் பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்குப் பலன் மிகக் குறைவு. தேர்ந்த ஒருவர் மெஷின் பிடித்து நாள் முழுதும் செய்யும் உழைப்புக்குக் கொடுக்கும் பணம் சில குறைகளுக்குத் தகும், சிலவற்றுக்குத் தகாது. எந்தக் குறைக்கு எது என்பதைக் காரில் தெரியும் அறிகுறியை வைத்தே பிரித்துத் தந்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

வெயில் ஏறுவதற்கு முன் காரை நிழலில் நிறுத்தி, கார் ஷாம்பு போட்டுக் கழுவி, ஈரம் காய்வதற்கு முன் ஒரு முறையும் நன்றாகக் காய்ந்தபின் ஒரு முறையும் பார்க்க வேண்டும். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வரும் குறை, நிறத்துக்கு மேலே பூசியிருக்கும் நிறமற்ற பெயிண்டு அடுக்கான கிளியர் கோட்டின் மேற்பரப்பில் இருக்கிறது என்று பொருள். அது பாலிஷால் தீரும் வாய்ப்பு அதிகம். ஈரத்திலும் அப்படியே தெரியும் குறை ஆழமானது. அதற்கு வேக்ஸ் எதுவும் செய்யாது.

கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ 40 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. பெயிண்டைத் தேய்த்தெடுக்கும் பசையான காம்பவுண்டை மெஷினால் கனமாகப் போடும் ஒவ்வொரு முறையும் அதில் சில மைக்ரான் தேய்ந்து போகிறது, போனது திரும்புவதில்லை. ஆகவே காம்பவுண்ட் போட வேண்டுமா என்பதைக் குறையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை வழக்கமாகப் போட்டுக்கொள்ள வேண்டிய வேலை அது அன்று.

அறிகுறி 1: கார் முழுதும் மங்கலாக இருக்கிறது, நனைந்தால் மட்டும் பளபளக்கிறது

கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, கழுவிக் காய்ந்த பானெட்டின்மேல் மெதுவாகத் தடவிப் பார்க்கவும். வெறுங்கையில் தெரியாத சொரசொரப்பு பை வழியாகத் தெளிவாகத் தெரியும்.

*தடவினால் சொரசொரப்பாக இருந்தால்*

பெயிண்டின்மேல் ஏதோ ஒட்டியிருக்கிறது; பெயிண்டு கெடவில்லை. செலவு குறைந்த காரணத்திலிருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும். கதவின் கீழ்ப்பகுதியிலும் பின் பம்பரிலும் மட்டும் கருப்புப் புள்ளிகள் இருந்தால் அது தார். புதிதாகத் தார் போட்ட சாலையில் போய்வந்த கார்களில் எல்லாம் இருக்கும். தார் ரிமூவரைத் துணியில் நனைத்து ஒற்றி எடுத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவினால் போதும். வெள்ளைக் காரில் ஆரஞ்சு நிறப் பொட்டுகள் சிதறியிருந்தால் அவை இரும்புத் துகள்கள். பிரேக்கிலிருந்தும், ரயில் நிலையத்தை ஒட்டி நாள் முழுதும் நிறுத்தும் கார்களில் தண்டவாளத்திலிருந்தும் வந்து ஒட்டுபவை. அயர்ன் ரிமூவர் தெளித்தால் ஊதா நிறமாக மாறிக் கரைந்து வழியும்.

இரண்டும் இல்லாமல் கார் முழுதும் சொரசொரப்பு என்றால், ஒட்டியதை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பார் வேண்டும். ஷாம்புத் தண்ணீரால் பெயிண்டை வழுக்கலாக வைத்துக்கொண்டு, அழுத்தாமல் முன்னும் பின்னுமாக நகர்த்த வேண்டும். கிளே தரையில் விழுந்துவிட்டால் அந்தத் துண்டைத் தூர எறிந்துவிட வேண்டும். மண் ஏறிய கிளே காரைக் கீறிவிடும். பொறுமை உள்ள எவரும் வீட்டில் ஒரு காலைப் பொழுதில் செய்து முடிக்கலாம். இதற்காகக் கடையில் பேக்கேஜ் எடுக்கத் தேவையில்லை.

*வழவழப்பாக இருந்தும் மங்கலாகத் தெரிந்தால்*

பழைய வேக்ஸ், வாட்டர் சர்வீஸில் அடித்துவிடும் எண்ணெய், பளபளப்புக்கென்று துடைத்துத் தரும் டீசல் ஆகியவற்றின் மேல் தூசு படிந்து ஒரு படலமாகியிருப்பது எளிய காரணம். ஷாம்புவால் இரண்டு முறை கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு சிறு இடத்தில் துடைத்துப் பார்க்கவும். அந்த இடம் மட்டும் தெளிந்தால் வேலை முடிந்தது. டீசல் துடைப்பை நிறுத்தினால் மங்கல் திரும்பாது.

தெளியவில்லை என்றால் கிளியர் கோட்டின் மேற்பரப்பு வெயிலில் மங்கியிருக்கிறது. நடுத்தர பாலிஷைக் கையாலேயே ஒரு சாண் இடத்தில் தேய்த்துப் பார்த்து, அங்கே நிறம் திரும்பினால் கார் முழுதும் மெஷினால் செய்து தரச் சொல்லிக் காசு கொடுப்பது நியாயம். பாலிஷ் முடிந்த பெயிண்டின்மேல் எந்த வேக்ஸைப் பூசுவது என்பது அதற்குப் பின் வரும் சிறிய கேள்வி.

கார்னாபா வேக்ஸ் என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனத்தின் ஓலையிலிருந்து கிடைப்பது. தனியாக எடுத்தால் கல்லாக இறுகியிருக்கும், 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும். பூசுவதற்கு ஏற்ப இளக்க வேண்டும் என்பதற்காக எண்ணெயும் கரைப்பானும் வேறு மெழுகுகளும் சேர்க்கப்படுகின்றன. சில நூறு ரூபாய் டப்பாவிலும் பல ஆயிரம் ரூபாய் டப்பாவிலும் இருப்பது இப்படிப்பட்ட கலவையே. சித்திரை, வைகாசி வெயிலில் கருப்புக் காரின் பானெட் 70 டிகிரியை எட்டும்போது, டப்பாவின் விலை எதுவானாலும் அது ஒன்றிரண்டு மாதங்களுக்கு மேல் நிற்பதில்லை. விலையுயர்ந்ததைப் பூசும்போது கை வழுக்கிக்கொண்டு போகும், துடைக்க எளிதாக இருக்கும், மணக்கும். அந்த இன்பத்துக்காக வாங்குவோரை நான் தடுக்கமாட்டேன். பாதுகாப்புக்காக என்றால், 3 முதல் 6 மாதம் நிற்கும் சாதாரண செயற்கைப் பூச்சான சீலன்ட் மேலானது, மலிவானதும்கூட.

அறிகுறி 2: வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள்

படுகைக் கார்களில் நான் மிகுதியாகப் பார்க்கும் குறை இதுதான். நிழலில் தெரியாது. உச்சி வெயிலிலோ கைபேசி விளக்கை அருகில் பிடித்தாலோ, வெளிச்சத்தைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும். கருப்பு, நீலம், சிவப்புக் கார்களில் நன்றாகத் தெரியும். வெள்ளைக் காரிலும் இருக்கும், கண்ணுக்குப் படாது.

*முதல் காரணம்: காய்ந்த துணி*

குறுவை அறுவடை நடக்கும் புரட்டாசி, ஐப்பசியிலும், சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியிலும் சாலையில் நெல் காய்கிறது, வைக்கோல் பரந்து கிடக்கிறது, அறுவடை இயந்திரம் போகும் வழியெல்லாம் தூசு எழும்புகிறது. வைக்கோலிலும் உமியிலும் சிலிகா உண்டு. அரிசி ஆலைப் புகைபோக்கியிலிருந்து காற்றில் வந்து விழும் உமிச் சாம்பலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சிலிகாதான். இந்தப் படிவின்மேல் காலையில் காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால், அது எமரித் தாளால் தேய்த்ததற்குச் சமம். கார் ஸ்டாண்டில் ஓட்டுநர் தினமும் அக்கறையோடு துடைத்து வைக்கும் கார்களில் இந்தக் கீறல் அதிகமாகவும், வாரக்கணக்கில் தொடாமல் விட்ட கார்களில் குறைவாகவும் இருப்பதன் காரணம் இதுவே. துணிக்குப் பதில் இறகு டஸ்டரோ மெழுகு டஸ்டரோ பயன்படுத்தினாலும் கீறல் விழும், சற்றுக் குறைவாக விழும்.

இதை நிறுத்தச் செலவில்லை. தூசு படிந்தால் அப்படியே விட்டுவிட வேண்டும், அல்லது தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், நடுவழி கிடையாது. கழுவும்போது இரண்டு வாளி வைத்துக்கொண்டு, ஒன்றில் ஷாம்புத் தண்ணீரும் மற்றொன்றில் வெறும் தண்ணீரும் நிரப்பி, ஒவ்வொரு பகுதியைக் கழுவியதும் துணியை வெறும் தண்ணீரில் அலசியபிறகே ஷாம்பு வாளியில் நனைக்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வரவேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி வேண்டும். பாத்திரம் துலக்கும் சோப்பும் துணி சோப்பும் ஆகாது. அறுவடை மாதங்களில் கார் கவர் போடுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. உள்ளே தூசு இருக்கும் நிலையில் கவர் காற்றில் அசைந்தாலே அதே தேய்ப்புதான் நடக்கிறது.

*இரண்டாவது காரணம்: வாட்டர் சர்வீஸ் துணி*

முன்னால் வந்த டிராக்டரைத் துடைத்த அதே பஞ்சு உங்கள் காருக்கும் வரும். கழுவக் கொடுக்கலாம், துடைக்க வேண்டாம் என்று சொல்லி, உங்களுடைய மைக்ரோஃபைபர் துண்டால் நீங்களே ஒற்றி எடுத்துக்கொள்வது நல்லது.

*மூன்றாவது காரணம்: தவறாகப் போட்ட பாலிஷ்*

கீறல்கள் வளையமாக இல்லாமல், மெஷின் சுற்றிய தடம் பூப்பூவாகத் தெரிந்தால், முன்பு யாரோ கம்பளி பேடும் கனமான காம்பவுண்டும் போட்டு, மெல்லிய பாலிஷில் முடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

*காசு கொடுக்கலாமா?*

இங்கே கொடுக்கலாம், காரைக் கழுவிப் பாலிஷ் போட்டுத் தரும் தொழில்முறை டீட்டெய்லிங் தன் விலைக்கு உரிய வேலையைச் செய்வது இந்தக் குறைக்குத்தான். வேக்ஸும் கிளேஸ் எனப்படும் மினுக்குப் பூச்சும் கீறலுக்குள் நிரம்பி ஒளித்து வைக்குமே ஒழிய நீக்குவதில்லை. கடையிலிருந்து எடுத்து வந்த அன்று மின்னிய கார் சில வாரங்களில் பழையபடி ஆகிவிடுவது அதனால்தான். "போன வாரம் ஒரு கோடு கூட இல்லண்ணே, ரெண்டு தடவ கழுவுனதும் அத்தனையும் திரும்ப வந்துருச்சு" என்று வருகிறவர்களின் கார்களில் நடந்திருப்பது இந்த நிரப்பு வேலை.

ஏமாறாமல் இருக்க ஒரே ஒரு சோதனை போதும். பாலிஷ் முடிந்து, மேலே வேக்ஸோ கோட்டிங்கோ பூசுவதற்கு முன், நீங்கள் நேரில் நின்று, மேலே சொன்ன ஆல்கஹால் கலவையால் ஒரு இடத்தைத் துடைக்கச் சொல்லி, வெயிலில் பார்க்கவும். கோடு திரும்பாவிட்டால் கீறல் உண்மையில் நீங்கியிருக்கிறது. இதைச் செய்ய மறுக்கும் கடைக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். வேலையைத் தொடங்குவதற்கு முன் பெயிண்டின் கனத்தை அளக்கும் கருவியால் ஒவ்வொரு பகுதியையும் அளந்து காட்டச் சொல்வதும் நியாயமான கோரிக்கை. தொழிற்சாலைப் பெயிண்டு மொத்தமாக ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் காட்டும். 80க்குக் கீழே காட்டும் இடத்தில் கனமான காம்பவுண்ட் போடக் கூடாது. 200க்கு மேல் காட்டினால் அந்தப் பகுதி முன்பே மறு பெயிண்டு கண்டிருக்கிறது.

கீறல் எல்லாம் நூற்றுக்கு நூறு நீங்க வேண்டும் என்று கேட்காதீர்கள். ஆழமான சில கோடுகளை விட்டுவிட்டுக் கிளியர் கோட்டைக் காப்பாற்றும் கடைக்காரரே உங்கள் காருக்கு நல்லவர்.

அறிகுறி 3: வட்டமான வெள்ளைக் கறைகள், கழுவினாலும் போகாத நீர்த்தடம்

வேதாரண்யம், நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கக் கார்களில் இது முதல் குறை. உள்ளே வர வர குறையும். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பேறியிருக்கிறது. நூற்றுக்கணக்கான ரூபாயில் கிடைக்கும், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை ஒரு முறை வாங்கிப் போர்த் தண்ணீரில் வைத்துப் பார்ப்பது, எந்த வேக்ஸ் வாங்குவதையும்விட முன்னதாகச் செய்ய வேண்டியது. குடிநீருக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை. மீட்டர் 500ஐத் தாண்டும் தண்ணீரைக் காரில் காயவிட்டாலே வட்டம் விழும்.

*முதல் காரணம்: தண்ணீர் காரிலேயே காய்வது*

கழுவி முடித்தவுடன், ஒவ்வொரு பக்கமாக ஈரத்தை ஒற்றி எடுப்பதுதான் மருந்து. வெயிலில் நின்று சூடேறிய காரின்மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. கடைசி ஒரு வாளியை மட்டும் உப்பில்லாத தண்ணீராக வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. ஏசியிலிருந்து சொட்டும் நீரையோ ஐப்பசி, கார்த்திகையில் பிடித்து வைத்த மழைநீரையோ இதற்கு எடுக்கலாம்.

ஆர்ஓ இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் காரைக் கழுவப் பயன்படுத்துங்கள் என்ற அறிவுரை பல வீடுகளில் நடைமுறையில் இருக்கிறது. நீரைச் சேமிக்கும் எண்ணம் நல்லது. ஆனால் அந்தத் தண்ணீரில்தான் வடிகட்டிய உப்பு முழுதும் செறிந்திருக்கிறது. அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், காருக்கு வேண்டாம்.

*கறை படிந்துவிட்டது, என்ன செய்வது?*

கறைமேல் நகத்தின் பக்கவாட்டை மெதுவாக ஓட்டிப் பார்க்கவும். மேடாகத் தட்டுப்பட்டால் உப்பு மேலே அமர்ந்திருக்கிறது. வெள்ளைச் சமையல் வினிகரில் சம அளவு தண்ணீர் சேர்த்து, துணியை நனைத்து, நிழலில் குளிர்ந்திருக்கும் பெயிண்டின்மேல் ஓரிரு நிமிடம் போட்டு எடுத்து, ஷாம்புவால் கழுவ வேண்டும். எலுமிச்சையைத் தேய்த்து வெயிலில் காயவிடும் பழக்கம் கெடுதல். அமிலம் செறிந்து காய்ந்து அதுவே ஒரு கறையாகிவிடும்.

மேடு இல்லாமல், வட்டத்தின் விளிம்பு மட்டும் பள்ளமாகத் தெரிந்து, வினிகருக்கும் அசையாவிட்டால், உப்பு கிளியர் கோட்டை அரித்துவிட்டது. லேசான பள்ளம் மெஷின் பாலிஷில் போகும். அதற்குக் கொடுக்கும் காசு தகும். பாலிஷுக்குப் பிறகும் தெரிவது நிலையானது, அதை விரட்டிக்கொண்டு மேலும் தேய்க்கச் சொல்லக் கூடாது.

பெயிண்டின்மேல் இறுகிப் படியும் திரவப் பூச்சான செராமிக் கோட்டிங் போட்டால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், கறையே வராது என்று சொல்லி விற்கிறார்கள். ஓடும் காரில் முத்துகள் உருண்டுபோகும். நிற்கும் காரில், கூரையிலும் பானெட்டிலும் அவை அப்படியே நின்று, ஒவ்வொன்றும் தன் உப்பை ஒரே புள்ளியில் விட்டுவிட்டுக் காய்கின்றன. கடலோரத்தில் போர்த் தண்ணீரால் கழுவிக் காயவிடும் வீட்டுக்கு செராமிக் கோட்டிங்கை நான் பரிந்துரைக்கமாட்டேன். தண்ணீரைச் சரிசெய்துவிட்டு வந்தால் மட்டுமே பேசலாம்.

அறிகுறி 4: ஒரே இடத்தில் கறை

எச்சம், பிசின், பூச்சி, சுண்ணாம்பு, பூஜைப் பொட்டு ஆகிய ஐந்தில் ஒன்றாகத்தான் இது பெரும்பாலும் இருக்கும். எல்லாவற்றுக்கும் முதல் விதி, அன்றைக்கே ஊறவைத்து எடுத்துவிடுவது.

பறவை எச்சம் காய்ந்திருந்தால் சுரண்டாமல், ஈரத் துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்து ஒற்றி எடுக்கவும். சூட்டில் இளகிய கிளியர் கோட் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, மேலே இறுகிய எச்சத்தின் வடிவத்தையே ஏற்றுக்கொள்கிறது. அதனால்தான் கோடையில் ஒரே நாளில் தடம் விழுகிறது. வேக்ஸ் உள்ள காரில் உங்களுக்குச் சில மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்; அந்த அளவுக்கு மலிவான வேக்ஸும் உதவும்.

தூங்குமூஞ்சி மரத்தடியிலும், தை, மாசியில் பூத்திருக்கும் மாமரத்தடியிலும் நிறுத்தும் கார்களில் பிசுபிசுப்பாகச் சிறு துளிகள் படியும். அது மரப்பிசின் அன்று, பூச்சிகள் விடும் தேன் போன்ற கழிவு. வெதுவெதுப்பான ஷாம்புத் தண்ணீரில் கரைந்துவிடும். வேம்பின் உண்மையான பிசின் ஆல்கஹாலில் கரையாது, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எடுக்க வேண்டும். சம்பா பயிர் நிற்கும் நாட்களில் இரவில் ஓட்டியதும் முன் பம்பரில் அப்பும் பூச்சிகளை மறுநாள் காலைக்குள் ஊறவைத்து எடுத்தால் போதும்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அருகில் நின்ற காரின்மேல் தெறித்த சுண்ணாம்பைத் துணியால் தொடுவதற்கு முன் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கரைக்க வேண்டும். காய்ந்து இறுகியதற்கு மேலே சொன்ன வினிகர் கலவை.

ஆயுத பூஜையில் பானெட்டில் வைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் அடுத்த நாளே கழுவிவிட வேண்டும். வெள்ளைக் காரில் மஞ்சள் தங்கிவிட்டதென்று பாலிஷ் கடைக்கு வருகிறவர்களிடம் நான் காசு வாங்குவதில்லை. மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக வெளுத்துவிடும், சில நாள் வெளியில் நிறுத்தினால் போதும். குங்குமத்தில் சேர்க்கும் சாயம் அப்படிப் போகாது. ஆல்கஹாலுக்கு அசையாவிட்டால் அந்த இடத்தை மட்டும் கையால் பாலிஷ் செய்ய வேண்டும்.

அறிகுறி 5: தனியாக ஒரு நீண்ட கீறல்

கும்பகோணத்துச் சந்துகளில் சைக்கிள் ஹாண்டில், சாலையில் மாட்டுக் கொம்பு, வீட்டு வாசலில் குழந்தையின் கையில் இருந்த கல். எது கீறியிருந்தாலும் சோதனை ஒன்றுதான்: நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே ஓட்டவும்.

நகம் சிக்காவிட்டால் கிளியர் கோட்டில் இருக்கிறது, பாலிஷ் போதும். நகம் சிக்கி, உள்ளே காரின் நிறமே தெரிந்தால் பாலிஷ் அதன் விளிம்பை மழுக்கி மறைக்கும், முழுதாக நீக்காது. வெள்ளையாகவோ சாம்பலாகவோ அடிப்பூச்சான பிரைமர் தெரிந்தால் டச்சப் பெயிண்டு வேண்டும். கதவுச் சட்டத்திலோ பானெட்டின் அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள வண்ணக் குறியீட்டைச் சொல்லி வாங்கி, மெல்லிய தூரிகையால் கீறலுக்குள் மட்டும் நிரப்பவும். கீறலுக்குள் காரின் இரும்புத் தகடே தெரிந்தால் தள்ளிப்போடவே கூடாது. கடற்காற்று படும் ஊர்களில் சில நாளில் துரு தொடங்கிவிடும். பெயிண்டர் வரும்வரை டச்சப் பூசி மூடி வைக்க வேண்டும்.

இந்த ஒரு கீறலுக்காகக் கார் முழுதும் பாலிஷ், கோட்டிங் என்று பேக்கேஜ் சொன்னால் மறுத்துவிடலாம். மறு பெயிண்டு அடித்த பகுதிக்கு ஒரு மாதமாவது வேக்ஸோ கோட்டிங்கோ போடாமல் விடவும்; பெயிண்டுக்குள் இருக்கும் கரைப்பான் வெளியேற வேண்டும்.

அறிகுறி 6: காசு கொடுத்துப் போட்ட கோட்டிங் சில மாதத்தில் வேலை செய்யவில்லை

தண்ணீர் முத்தாக நிற்காமல் தட்டையாகப் பரவுகிறது என்பதே இதன் அடையாளம். கோட்டிங் போய்விட்டது என்று முடிவு செய்வதற்கு முன், அதன்மேல் உப்பும் தூசும் படிந்து மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அயர்ன் ரிமூவர், பிறகு வினிகர் கலவை, பிறகு ஷாம்பு என்ற வரிசையில் ஒரு கதவை மட்டும் கழுவிப் பார்க்கவும். அந்தக் கதவில் முத்து திரும்பினால் கோட்டிங் இருக்கிறது. கார் முழுதும் அப்படியே செய்தால் போதும்.

திரும்பாவிட்டால் இரண்டில் ஒன்று. கதவில் போய், கூரையில் மட்டும் இருந்தால் தவறான சோப்பாலும் தேய்ப்பாலும் அது தேய்ந்திருக்கிறது. எங்குமே இல்லை என்றால் முதலிலேயே பூசப்பட்டது கோட்டிங் அன்று, வேக்ஸ் கலந்த திரவம். உத்தரவாதச் சீட்டை எடுத்துப் பார்த்தால், குறிப்பிட்ட மாத இடைவெளியில் அதே கடையில் காசு கட்டிப் பராமரிப்பு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். சீட்டைப் பணம் கொடுப்பதற்கு முன் படிக்க வேண்டும்.

விற்கும்போது சொல்லப்படும் இரண்டு வார்த்தைகளைப் பற்றித் தெளிவாக இருப்பது நல்லது. கோட்டிங்கின் கடினம் என்று சொல்லப்படும் 9எச் என்பது பென்சில் கீறல் சோதனையின் அளவு. மண்ணும் உமிச் சாம்பலும் அதை மதிப்பதில்லை, செராமிக் போட்ட காரிலும் காய்ந்த துணி கீறல் விழச் செய்யும். புதுக் கார் எடுக்கும்போது ஷோரூமில் பில்லில் சேர்க்கப்படும் டெஃப்லான் கோட்டிங்கைப் பொறுத்தவரை, டெஃப்லான் எனப்படும் பொருள் உருகுவதே 327 டிகிரியில்தான். கார் நிற்கும் வெப்பத்தில் அது பெயிண்டோடு பிணைவதில்லை. அந்த ஆயிரங்களை மிச்சம் பிடித்து, நல்ல மைக்ரோஃபைபர் துண்டுகளும் ஷாம்புவும் இரண்டு வாளியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

செராமிக் கோட்டிங் யாருக்குத் தகும் என்று கேட்டால், நல்ல தண்ணீர் உள்ள, கூரையடியில் நிறுத்தும், தானே கழுவும் ஒருவருக்குத் தகும். அவருக்கு ஒன்றிரண்டு ஆண்டு கழுவும் வேலை எளிதாகும். நெடுஞ்சாலையில் நாள்தோறும் ஓடி, முன்பக்கம் கல் தெறிக்கும் காருக்கு, பானெட்டுக்கும் முன் பம்பருக்கும் மட்டும் பிபிஎஃப் என்னும் பெயிண்டு பாதுகாப்பு பிளாஸ்டிக் படலம் ஒட்டுவது அதைவிடப் பயனுள்ளது. அந்தப் படலம் 150 முதல் 200 மைக்ரான் கனம் உள்ளது, கோட்டிங்கோ ஒன்றிரண்டு மைக்ரான்தான்.

அறிகுறி 7: கூரையிலும் பானெட்டிலும் வெள்ளையாகத் தோல் உரிகிறது

கிளியர் கோட் செத்துவிட்டது. இதற்கு வேக்ஸ் இல்லை, பாலிஷ் இல்லை, கோட்டிங் இல்லை. மெஷின் வைத்தால் விளிம்பு மேலும் உரியும். அந்தப் பகுதியை மட்டும் தேய்த்து மறு பெயிண்டு அடிக்கக் கொடுக்க வேண்டும். பழைய காராக இருந்து, விற்கும் எண்ணம் இருந்தால் அப்படியே விடுவதும் அறிவுள்ள முடிவுதான்.

அறிகுறி 8: பெயிண்டுக்கு அடியில் குமிழ், விளிம்பில் பழுப்பு

சக்கர வளைவு, கதவின் கீழ் விளிம்பு, டிக்கி மூடியின் அடி ஆகிய இடங்களில் இது தொடங்கும். குமிழ் தெரிந்துவிட்டால் துரு உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது. வெளியே பூசும் எதுவும் அதைத் தொடாது.

குமிழ் வருவதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடிவதற்குச் சிறு துளைகள் இருக்கும். சாலையில் போரடிக்கப் பரப்பிய வைக்கோலின்மேல் ஓட்டும்போது வைக்கோல் துண்டும் உமியும் இந்தத் துளைகளிலும், பானெட்டின் அடியில் கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்திலும் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. மழைத் தண்ணீர் வடியாமல் உள்ளேயே நின்று தகட்டைத் தின்கிறது. குறுவை அறுவடை முடிந்து வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் ஒரு குச்சியால் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்து, பள்ளத்தில் கிடப்பதைக் கையால் அள்ளி எடுத்துவிட வேண்டும். அதே நேரத்தில் காரின் அடியில் குனிந்து, சைலன்சரில் வைக்கோல் சுற்றியிருக்கிறதா என்றும் பார்க்கவும். சூடான சைலன்சரில் அது தீப்பற்றும், பெயிண்டைவிடப் பெரிய ஆபத்து அது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிக்கடி போகும் கார் என்றால் அடிப்பாகத்தையும் சக்கர வளைவையும் நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுவதும், அடிப்பாகத் துருத்தடுப்புப் பூச்சு போடுவதும், விலையுயர்ந்த எந்த வேக்ஸையும்விடக் காருக்கு ஆயுளைக் கூட்டும்.

குமிழ் வந்துவிட்ட காரை டிங்கரிங் தெரிந்தவரிடம் உடனே கொண்டுபோக வேண்டும். ஸ்க்ரூ டிரைவரின் முனையால் அவர் குத்திப் பார்க்கும்போது தகடு உறுதியாக இருந்தால், துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, பெயிண்டு போடுவதோடு முடியும். முனை உள்ளே இறங்கினால் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும். வெட்டாமல் பட்டி மட்டும் பார்த்துப் பெயிண்டு அடித்துத் தருவதாகச் சொல்லும் பட்டறையில் காரை விட வேண்டாம். பட்டிக்கு அடியில் துரு வளர்ந்துகொண்டே இருந்து, அடுத்த மழைக்காலத்துக்குள் அதே இடத்தில் முன்பைவிடப் பெரிய ஓட்டையாக வெளிவரும்.